காசநோயும் நெஞ்சுப் படமும்

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அந்தக் கிருமி நுரையீரலில் செய்யும் சேதத்தை, நோயாளி உயிரோடு இருக்கும்போதே கண்ணால் பார்ப்பதற்கு அதன் பிறகும் 13 ஆண்டுகள் ஆயின. அதுவரை மருத்துவர்களுக்குக் காதுதான் துணை. வியன்னாவில் லியோபோல்ட் ஆவென்புருக்கர் 1761-இல் எழுதிவைத்த முறைப்படி மார்பை விரலால் தட்டி, ஓசை கணீரென்று எழுகிறதா, மந்தமாக எழுகிறதா என்று கவனிப்பார்கள். பாரிஸில் ரெனே லேனெக் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பிறகு, மூச்சொலியின் வேறுபாடுகளைக் கொண்டு உள்ளே குழி விழுந்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று சொல்ல முடிந்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, தம் காது சொன்னது சரிதானா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தவர் லேனெக். 1826-இல் அவரும் காசநோயிலேயே இறந்தார். இந்த முறைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நோய் பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், காறை எலும்பின் மறைவில் தொடங்கும். அங்கே இருக்கும் சிறு புண் எந்த ஓசையையும் மாற்றுவதில்லை. ஓசை மாறும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். செய்தி வெளியானதும் எலும்பு முறிவையும் உடலுக்குள் தங்கிய துப்பாக்கிக் குண்டையும் தேடவே எல்லாரும் அதைப் பயன்படுத்தினார்கள். மார்பின் பக்கம் அதைத் திருப்பியவர்களில் முதன்மையானவர் பாஸ்டன் நகர மருத்துவமனையின் பிரான்சிஸ் வில்லியம்ஸ். 1896-லேயே காசநோயாளிகளைக் கதிர்த்திரைக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்த அவர், நோயுற்ற பக்கத்தில் மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் முழுதாகக் கீழிறங்குவதில்லை என்று குறித்தார். ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காத இடத்தில் நிழல் தெரிவதையும் சேர்த்துச் சொன்னார். பாரிஸில் ஷார்ல் புஷாரும் அந்துவான் பெக்லேரும் அதே காலத்தில் இதே வழியில் இறங்கினார்கள்.

எக்ஸ்ரேக்கு உடலில் நுரையீரலைப்போல வாய்ப்பான உறுப்பு வேறில்லை. காற்று நிறைந்திருப்பதால் கதிர்கள் தடையின்றிக் கடந்து படத்தில் கருமையாகப் பதிகின்றன. சீழோ நீரோ தழும்போ காற்றின் இடத்தைப் பிடித்தால் அங்கே வெண்மை படர்கிறது. அழுகிய திசு சளியோடு வெளியேறிவிட்டால், வெள்ளை விளிம்புக்குள் கருவட்டமாகக் குழி தெரிகிறது. இரத்தத்தில் கலந்து நோய் பரவியிருந்தால் இரு நுரையீரல்களிலும் தினை தூவியதுபோல் நுண்புள்ளிகள். குழந்தைகளிடம் குழி அரிது. மூச்சுக்குழல் பிரியும் இடத்தில் நெறிகட்டிய நிணநீர்க் கணுக்களே முதலில் கண்ணில் படும். இவற்றில் எதுவும் கிருமி அல்ல. நிமோனியா, புற்றுநோய், பூஞ்சை, கல்தூசி அடைத்த நுரையீரல் எல்லாம் ஏறக்குறைய இதே நிழல்களை வீழ்த்தக்கூடும். ஆறிப்போன பழைய காசநோயின் தழும்பும் நிழலாகத்தான் விழும். அடுத்த நூறு ஆண்டுகளில் எழுந்த சச்சரவுகளில் பெரும்பகுதி, படம் காட்டும் நிழலுக்கும் சளியில் தெரியும் கிருமிக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைப் பற்றியதே.

தொடக்கத்தில் படம் என்பதைவிடத் திரை என்பதே பொருத்தம். இருட்டறையில் நோயாளி நிற்க, மருத்துவர் ஒளிரும் திரையை அவர் மார்பருகே பிடித்து நேரடியாகப் பார்ப்பார். கண் இருட்டுக்குப் பழகவே கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பதும் உண்டு. மூச்சை அடக்கி நெடுநேரம் அசையாமல் இருக்கச் சொன்னால் இருமல்காரர் என்ன செய்வார்? முதல் உலகப் போருக்குப் பிறகு இருபுறமும் பூச்சுள்ள ஃபிலிமும் வலிமையான குழாய்களும் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தன. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போன்ற மலைச் சானடோரியங்களில் எக்ஸ்ரே அறை அதற்கு முன்பே நிலைத்துவிட்டது. தாமஸ் மான் 1924-இல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலின் நாயகன், தான் விரும்பும் பெண்ணின் முகப்படத்துக்குப் பதிலாக அவள் நெஞ்சுப் படத்தை வைத்துக்கொள்கிறான். அந்தக் கருவி மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சானடோரிய சிகிச்சைக்கும் கதிர்த்திரை இன்றியமையாததாயிற்று. இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபோர்லானினி வகுத்த முறையில், நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் ஊசிவழியே காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பார்கள். காற்று சில நாட்களில் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நூறு முறைக்கு மேல் கதிர் முன் நின்ற இளம்பெண்கள் பலர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இப்படிச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை 1965-இல் இயன் மெக்கென்சி வெளியிட்டார். காசநோயிலிருந்து தப்பியவர்கள் பல ஆண்டுகள் கழித்துக் கொடுத்த விலை அது. குறைந்த அளவுக் கதிர்வீச்சு திரும்பத் திரும்பப் பட்டால் என்ன ஆகும் என்பது குறித்த இன்றைய அறிவில் ஒரு பங்கு இவர்களிடமிருந்து வந்ததே.

நோயாளி என்று அறியப்பட்டவரை மட்டும் படம் எடுப்பதிலிருந்து ஊரையே படம் எடுப்பதற்கு வழி திறந்தவர் பிரேசிலின் மனுவேல் டி அப்ரூ. பெரிய ஃபிலிமின் விலைதான் தடை என்று கண்ட அவர், 1936-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒளிரும் திரையில் விழும் பிம்பத்தைச் சாதாரணக் கேமராவால் 35 மி.மீ. சுருளில் பிடித்தார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரை எடுக்கலாம். செலவு மிகச் சொற்பம். பிரேசிலில் இதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. நோயாளிமேல் படும் கதிரின் அளவு பெரிய ஃபிலிமைவிடப் பலமடங்கு கூடுதல் என்ற குறையை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் படைக்கு ஆள் எடுக்கும் நாடுகள் இம்முறையைப் பற்றிக்கொண்டன. பிரிட்டனில் 1943 முதல் குடிமக்களுக்கும் வந்தது. அதன் உச்சம் 1957-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த இயக்கம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து எக்ஸ்ரே வண்டிகள் திரட்டப்பட்டன. படம் எடுத்துக்கொண்டவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை, வாராவாரம் பரிசுக் குலுக்கல். ஐந்து வாரங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

படங்கள் குவியக் குவிய, அவற்றைப் படிப்பவர்மேல் ஐயம் எழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவில் எந்த அளவு ஃபிலிம் சிறந்தது என்று முடிவுசெய்ய ஒரு சோதனை நடந்தது. ஒரே ஆட்களை நான்கு வகை ஃபிலிம்களில் எடுத்து, ஐந்து நிபுணர்களிடம் தனித்தனியே கொடுத்தார்கள். 1947-இல் வெளியான முடிவு கேள்வியையே திருப்பிவிட்டது: ஃபிலிம்களுக்கு இடையில் இருந்த வேறுபாட்டைவிட, நிபுணர்களுக்கு இடையில் இருந்த வேறுபாடு பெரிது. நோயுண்டு என்று ஒருவர் சொன்ன படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை இன்னொருவர் ஏற்கவில்லை. அதே நிபுணர் அதே படத்தைச் சில காலம் கழித்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்கில் தம் முந்தைய தீர்ப்பையே மாற்றினார். யெருஷால்மி, கார்லண்ட் ஆகிய ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்ததிலிருந்தே ஒரு படத்தை இருவர் தனித்தனியே படிக்கும் வழக்கம் ஆய்வுகளில் நிலைபெற்றது.

அதே எச்சரிக்கையோடு படத்தைப் பயன்படுத்தினால் அது எவ்வளவு நல்ல நடுவராக இருக்கும் என்பதை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை காட்டியது. 1948-இல் வெளியான அச்சோதனையில் 107 நோயாளிகள். குலுக்கல் முறையில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு மருந்து போனது என்று தெரியாத மூவர், ஒருவர் கருத்தை மற்றவர் அறியாமல், படங்களை மதிப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 51 விழுக்காட்டினரின் படங்களில் பெரும் முன்னேற்றம். மற்றவர்களில் 8 விழுக்காடு மட்டுமே. மருந்தாய்வு முறையின் வரலாற்றில் இச்சோதனைக்கு இருக்கும் பெயர் குலுக்கலால் வந்தது. மதிப்பீட்டாளரின் கண்ணைக் கட்டிய அந்த ஏற்பாட்டுக்கும் அதில் சமபங்கு உண்டு.

தென்னிந்தியாவில் இந்தக் கதை சானடோரியங்களோடு தொடங்குகிறது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரத்தில் மிஷன் அமைப்புகள் கூடி நடத்திய சானடோரியத்தின் முதல் தலைமை மருத்துவர் டேனிஷ்காரரான கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர். தாம்பரத்தில் டேவிட் சௌரிமுத்து 1928-இல் நிறுவிய சானடோரியம் பின்னர் அரசு மருத்துவமனையானது. மின்சார ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. இதே சௌரிமுத்துவின் இங்கிலாந்துச் சானடோரியத்தில்தான் 1917-இல் கணித மேதை ராமானுஜன் சில காலம் தங்கினார். ராமானுஜனுக்குக் காசநோய் என்றே சிகிச்சை நடந்தது. எஞ்சியிருக்கும் குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் 1994-இல் அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். உறுதியான படமோ சளி முடிவோ கையில் இல்லாத நோய்க்கணிப்பு எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஃப்ரிமோட் மோலரின் மகன் யோஹானஸ், 1950 முதல் மதனப்பள்ளி நகரையும் சுற்றுக் கிராமங்களையும் எக்ஸ்ரே எடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். நாட்டளவில் அதைச் செய்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 1955–58 மாதிரிக் கணக்கெடுப்பு. மின்னாக்கியோடு எக்ஸ்ரே வண்டிகள் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் சென்றன. ஏறத்தாழ 3 லட்சம் பேர் படம் எடுக்கப்பட்டார்கள். மக்கள்தொகையில் சுமார் 1.5 விழுக்காட்டினரின் படங்களில் தீவிர நோயின் அறிகுறி தென்பட்டது. கிருமி உறுதியானவர்கள் ஆயிரத்துக்கு 4 பேர் அளவில் இருந்தார்கள். காசநோய் ஆலைகளும் சேரிகளும் உள்ள நகரத்து நோய் என்ற நம்பிக்கை இதோடு போயிற்று. கிராமங்களிலும் அதே அளவு இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையையும் நாட்டில் இருந்த சானடோரியப் படுக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, படுக்கையில் வைத்துக் குணப்படுத்துவது நடவாத காரியம் என்பது வெளிப்படை.

அந்த நெருக்கடிக்கு விடை தேடவே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தியது அது. முதல் ஆண்டுகளில் வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, மறுபகுதியினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் அதே மாத்திரையும். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. 1959-இல் இது வெளியானதும் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படத் தொடங்கின. இந்த ஆய்வில் தீர்ப்பு சொன்னது முதன்மையாகச் சளி வளர்ப்புச் சோதனை; படம் துணைச் சாட்சி. அந்த வரிசைமுறை பின்னர் மாறவே இல்லை.

பெங்களூரில் 1959-இல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. எக்ஸ்ரே வண்டி தேடிப்போகாவிட்டால் நோயாளிகள் தாமாக வர மாட்டார்களா? தும்கூர் மாவட்டத்தில் எக்ஸ்ரே கணக்கெடுப்பில் அகப்பட்டவர்களைச் சந்தித்து, பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் எழுதிய ஆய்வு இத்துறையின் மிகச் சிறந்த ஆய்வுகளில் ஒன்று. நோயாளிகளில் 95 விழுக்காட்டினர் தம் உடலில் ஏதோ கோளாறு என்று அறிந்திருந்தார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே ஏதாவது ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போயுமிருந்தார்கள். அங்கே இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் சளியைச் சோதிக்கவில்லை. தேடிப்போவதைவிட, வாசலுக்கு வந்தவரைக் கவனிப்பதே முதல் வேலை என்ற முடிவின்மேல்தான், ஆய்வு அச்சேறும் முன்பே, 1962-இல் மாவட்டக் காசநோய்த் திட்டம் எழுந்தது. மாவட்டத் தலைநகரில் 70 மி.மீ. ஃபிலிமில் படம் எடுக்கும் ஒரு கருவி. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைக்ராஸ்கோப். கருவி பழுதானால் உதிரிப்பாகம் வரும்வரை மையம் முடங்கிக் கிடப்பதும் ஃபிலிம் தீர்ந்துபோவதும் அத்திட்டத்தின் நெடுங்கால நோய்கள்.

வளர்ந்த நாடுகளிலும் அதே திசையில் காற்று வீசியது. செக்கோஸ்லோவாகியாவின் கோலின் மாவட்டத்தில் மக்கள் அனைவரையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தபோதும், சளியில் கிருமி வெளியேற்றும் நோயாளிகளில் பெரும்பாலோர் இரண்டு சுற்றுகளுக்கு இடையில் இருமலோடு தாமாகவே மருத்துவரிடம் வந்தவர்கள். தொற்றைப் பரப்பும் நோய் வேகமாக முற்றுவதால் எக்ஸ்ரே வண்டி திரும்பி வரும்வரை அது காத்திருப்பதில்லை. 1974-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கண்மூடித்தனமான மக்கள்திரள் எக்ஸ்ரேயைக் கைவிடச் சொன்னது. 1993-இல் காசநோய் உலக அவசரநிலை என்று அறிவிக்கப்பட்டு, நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை பரவியபோது படம் இன்னும் பின்வரிசைக்குப் போயிற்று. வாரக்கணக்கில் இருமலா, சளியைக் கொடு. சளியில் இல்லையென்றால் பிறகு எக்ஸ்ரே என்பதே விதி. அரசு மையங்களில் இந்த விதி நடந்த அதே காலத்தில், தனியார் மருத்துவர்கள் படத்தை மட்டும் பார்த்துக் காசநோய் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே படக்கருவி வேறு திசையில் வளர்ந்திருந்தது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனரில் முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில். நுரையீரலை மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் சி.டி. வந்ததும், எக்ஸ்ரேயில் தெளிவில்லாத சிறு மூச்சுக்குழல் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. கிளைநுனியில் துளிர் விட்டதுபோலத் தெரியும் அந்தத் தோற்றத்தைக் காசநோயில் விவரித்து 1993-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் கொரியாவின் இம் ஜங்கியும் உடன் பணியாற்றியோரும். முதுகெலும்புக் காசநோயில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எலும்பு சரியும் முன்பே வட்டுக்கருகே தொடங்கும் வீக்கத்தையும் தண்டுவடத்தை அழுத்தும் சீழையும் காட்டிவிடுகிறது.

சி.டி.யின் நிழலும் ஏமாற்றும் என்பதற்கு வேலூர் சாட்சி. 1980-களில் வலிப்போடு வந்த இந்திய நோயாளிகளின் மூளை ஸ்கேனில் ஒற்றைச் சிறு கட்டி அடிக்கடி தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடு ஆதலால் அது காசநோய்க் கட்டி என்றே பலரும் கொண்டு, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். மருந்துக்குப் பின் கட்டி மறைந்தது, நம்பிக்கை உறுதிப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை என்று தெரிந்தது. 1989-இல் ‘லான்செட்’ இதழில் அது வெளியானது. அந்தக் கட்டிகள் தாமாகவே மறையக்கூடியவை. தேவையில்லாத காசநோய் மருந்தை ஏராளமானோர் விழுங்கியிருந்தார்கள்.

சர்க்கரையை உறிஞ்சும் திசுவை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேன், சிகிச்சை முடிந்தது என்பதன் பொருளையே கேள்விக்குள்ளாக்கியது. தென்னாப்பிரிக்காவில் ஆறு மாத மருந்தை முடித்து, சளியில் கிருமி இல்லாமல் குணமானவர்களின் நுரையீரலிலும் பெரும்பாலும் அழற்சி எஞ்சியிருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆராய்ச்சிக்கு உதவும் இந்த ஸ்கேன் மாவட்ட மருத்துவமனைக்கு வரக்கூடியதல்ல.

பின்வரிசைக்குப் போன எளிய நெஞ்சுப் படம் திரும்பி வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எச்.ஐ.வி.; இந்தியாவில் அதன் முதல் தொற்றுகள் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலில் பெரும்பாலும் குழி விழுவதில்லை, சளியில் கிருமி குறைவு. மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்ப முடியவில்லை. இவர்களில் சிலருக்கு எக்ஸ்ரேயும் இயல்பாகவே தெரியும் என்பதால் படமும் முழு விடையாகவில்லை. மற்றொரு காரணம் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் கணக்கெடுப்புகள். கிருமி உறுதியானவர்களில் பெரும்பங்கினர், இருமல் உண்டா என்று கேட்டால் இல்லை என்றே சொன்னார்கள். இந்தியாவின் 2019–21 தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6 விழுக்காடு நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். தும்கூரில் கண்டது பொய்யாகிவிடவில்லை. அன்று தேடியதைவிட இன்று நோயின் முந்தைய கட்டத்தைத் தேடுகிறார்கள், உறுதிப்படுத்த மரபணுச் சோதனையும் கையில் இருக்கிறது.

கருவியும் சிறுத்துவிட்டது. ஃபிலிமும் இருட்டறையும் போய், மின்கலத்தில் ஓடும் டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தது. சில வகைகள் 3.5 கிலோ எடைதான். படிப்பவர் தட்டுப்பாட்டுக்கும், 1947-இல் வெளிப்பட்ட கருத்து வேறுபாட்டுக்கும் மாற்றாகக் கணினி மென்பொருள் வந்திருக்கிறது. படத்தைப் பார்த்துக் காசநோய்க்கான வாய்ப்புக்கு மதிப்பெண் தரும் இம்மென்பொருள்களில் நெதர்லாந்தில் உருவானவையும் மும்பையில் உருவானவையும் உண்டு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் மனிதருக்குப் பதிலாக இவற்றைப் பயன்படுத்தலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிச் சோதனைக்கு அனுப்புவது என்பதை ஒவ்வோர் ஊரும் தன் நிலைமைக்கேற்ப முடிவுசெய்துகொள்ள வேண்டும். பழைய தழும்பு மிகுந்த மக்களிடம் வீண் எச்சரிக்கை கூடும். 2024 டிசம்பர் 7 அன்று இந்தியாவில் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே ஊர் ஊராகச் சென்றது.

15 வயதுக்குக் கீழே மென்பொருள் பற்றிய அந்தப் பரிந்துரை பொருந்தாது. சளியைக் காறித் துப்பத் தெரியாத குழந்தையிடம் கிருமியைப் பிடிப்பது கடினம் என்பதால் படத்தின் பாரம் அங்கே கூடுகிறது. வீங்கிய நிணநீர்க் கணுவைக் குழந்தையின் படத்தில் கண்டுபிடிப்பதோ தேர்ந்த கண்ணுக்கும் சிரமம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பத்து வயதுக்குட்பட்டோருக்கு அறிகுறிகளையும் படத்தில் தெரிவதையும் மதிப்பெண்களாகக் கூட்டிச் சிகிச்சையைத் தொடங்கும் முறையை முன்வைக்கிறது. எக்ஸ்ரே வசதியில்லாத இடங்களுக்காக, படம் இல்லாமல் முடிவெடுக்கும் தனி அட்டவணையும் அதிலேயே இடம்பெற்றிருக்கிறது.